ரீசெல்லர் கையில் இருக்கும் டொமைனை வேறிடத்துக்கு மாற்றுவது எப்படி: கொங்கு வட்டாரத் தொழில் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னிமலை பெட்ஷீட் யூனிட்டோ, காங்கேயம் எண்ணெய் மில்லோ, திருச்செங்கோட்டு ரிக் ஆபீஸோ, "உங்க டொமைன் யார்கிட்ட இருக்குதுங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வெப்சைட் போட்ட தம்பிதானுங்க எல்லாம் பாத்துக்கறாப்ல."

அந்தத் தம்பி நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டாலோ, போனை எடுக்காவிட்டாலோ, புதுப்பிக்க மூன்று மடங்கு கேட்டாலோ டொமைனை மாற்றியாக வேண்டும். அப்போது எல்லாரும் முதலில் கேட்பது ஆத் கோடு, அதாவது டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு. அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கோடு கேட்பது நடுவில் வரும் வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் மெயில் நிற்கும், அல்லது டொமைன் 60 நாள் பூட்டிக்கொள்ளும்.

கீழே உள்ள விதிகள் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றுக்கானவை. இவற்றின் இடமாற்றக் கொள்கையை வகுப்பது ஐகேன் என்ற சர்வதேச அமைப்பு. டாட் இன், டாட் கோ டாட் இன், டாட் இந்தியா ஆகியவை இந்திய அமைப்பான நிக்ஸியின் கீழ் வருபவை. அவை வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

1. யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு டொமைனுக்குப் பின்னால் நான்கு பேர் இருக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரி: மொத்தப் பதிவேட்டையும் வைத்திருப்பவர். டாட் காமுக்கு வெரிசைன். ரெஜிஸ்ட்ரார்: ஐகேனிடம் அங்கீகாரம் பெற்று, அந்தப் பதிவேட்டில் எழுதும் உரிமை உள்ள நிறுவனம். ரீசெல்லர்: ரெஜிஸ்ட்ராரிடம் கணக்கு வைத்து உங்களுக்கு விற்றவர். ரெஜிஸ்ட்ரன்ட்: பெயருக்கு உரியவர், அதாவது நீங்கள். நீங்கள்தான் என்பதைச் சரிபார்க்கும் வேலை கீழே வருகிறது.

ரீசெல்லருக்கு ஐகேன் அங்கீகாரம் எதுவும் கிடையாது. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் போல அவர். பதிவு நடக்கும் இடம் வேறு. 2013ஆம் ஆண்டின் ரெஜிஸ்ட்ரார் அங்கீகார ஒப்பந்தப்படி, ரீசெல்லர் மூலம் விற்ற பெயருக்கும் ரெஜிஸ்ட்ராரே பொறுப்பு. வாடிக்கையாளர் கேட்டால் ரெஜிஸ்ட்ரார் யார் என்று ரீசெல்லர் சொல்லியாக வேண்டும். இது தெரியாததால்தான், தம்பி போனை எடுக்காத நாளில் "டொமைன் போச்சுங்க" என்று பலர் கைகழுவிவிட்டு வேறு பெயர் வாங்குகிறார்கள். பழைய பெயரில் பையர் மெயில்கள் வந்துகொண்டே இருக்கும், படிக்க ஆள் இருக்காது.

2. பதிவை நீங்களே பாருங்கள்

ஐகேனின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். கணக்கோ பாஸ்வேர்டோ தேவையில்லை. பதிவு விவரத்தைக் காட்ட முன்பு ஹூஇஸ் என்ற முறை இருந்த இடத்தில் இப்போது ஆர்டாப் முறை இருக்கிறது. 2025 ஜனவரி 28 முதல் ஹூஇஸ் நடத்தும் கட்டாயம் ரெஜிஸ்ட்ரார்களுக்கு இல்லை. டாட் இன் பெயர்களுக்கு டாட் இன் ரெஜிஸ்ட்ரியின் தேடல் பக்கம் உண்டு.

வரும் விவரத்தில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரெஜிஸ்ட்ரார் பெயர், பதிவான தேதி, காலாவதி தேதி, ஸ்டேட்டஸ், நேம்சர்வர் (வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் சர்வர்). ரீசெல்லர் என்ற வரி சில பதிவுகளில் இருக்கும், பலவற்றில் இருக்காது.

பதிவாகி 60 நாள் ஆகவில்லை என்றாலும், கடைசியாக ரெஜிஸ்ட்ரார் மாறி 60 நாள் ஆகவில்லை என்றாலும் மாற்றத்தை மறுக்கலாம், பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அப்படியென்றால் நாள்காட்டியில் குறித்துவிட்டு அதுவரை படி 4ஐச் செய்துகொண்டிருங்கள்.

ஸ்டேட்டஸில் "கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். யாரும் திருடாமலிருக்க ரெஜிஸ்ட்ரார் போட்ட சாதாரணப் பூட்டு அது, கேட்டால் எடுப்பார்கள். "சர்வர்" என்று தொடங்கும் பூட்டு ரெஜிஸ்ட்ரி போட்டது. அதை ரீசெல்லரிடம் கேட்டுப் பயனில்லை, ரெஜிஸ்ட்ராரிடம் காரணம் கேளுங்கள்.

உரிமையாளர் பெயர், மெயில் இருக்க வேண்டிய இடம் மறைக்கப்பட்டிருக்கும். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் இப்படித்தான். ஆகவே யார் பெயரில் இருக்கிறது என்பதை லுக்கப் சொல்லாது. ரீசெல்லரின் பேனலில் (டொமைனை நிர்வகிக்கும் பக்கம்) இருந்து ரெஜிஸ்ட்ரன்ட் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சண்டை வருவதற்கு முன்னால், நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டியது இது.

3. பெயர், மெயில்: எதை இப்போது திருத்தலாம், எதைத் தொடக்கூடாது

புதிதாக இறங்குபவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்க்கிறார்கள். மெயில் ஐடி பழைய அக்கவுண்டன்ட்டுடையது, கம்பெனி பெயரும் பழையது. "முதல்ல இதைச் சரி பண்ணிட்டு மாத்திக்கலாம்" என்று திருத்துகிறார்கள். டொமைன் 60 நாள் பூட்டிக்கொள்கிறது.

ரெஜிஸ்ட்ரன்ட்டின் பெயர், நிறுவனப் பெயர், மெயில் இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அது உரிமையாளர் மாற்றமாகக் கணக்காகும் என்பது 2016 டிசம்பர் 1 முதல் உள்ள விதி. திருடன் மெயிலை மாற்றி மறுநாளே டொமைனை வெளியே கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக, அதன்பின் 60 நாள் ரெஜிஸ்ட்ரார் மாற்ற முடியாது. சில ரெஜிஸ்ட்ரார்கள் இந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வசதி தருவார்கள். ஆனால் அதை மாற்றத்துக்கு முன்னாலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டு விழுந்தபின் கேட்டுப் பயனில்லை. போன் நம்பர், முகவரி மாற்றினால் இந்தப் பூட்டு வராது. எழுத்துப்பிழை திருத்தத்துக்கும் வராது.

ஆகவே இப்படி முடிவெடுங்கள்.

பதிவில் உள்ள மெயிலை உங்களால் திறந்து படிக்க முடிகிறதா? அது பழையதாக இருந்தாலும் தொடாதீர்கள். முதலில் மாற்றம், அப்புறம் திருத்தம்.

அந்த மெயிலைத் திறக்கவே வழியில்லையா? அப்போது வேறு வழியில்லை. பூட்டு வேண்டாம் என்ற வசதி உண்டா என்று ரெஜிஸ்ட்ராரிடம் எழுதிக் கேட்டுவிட்டு மெயிலைத் திருத்துங்கள். வசதி இல்லையென்றால் 60 நாளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெஜிஸ்ட்ரன்ட்டாக ரீசெல்லரின் சொந்தப் பெயரே இருக்கிறதா? இதுதான் ஆபத்தான நிலை. பதிவுப்படி அவரே உரிமையாளர். அவர் ஒத்துழைக்கும் மனநிலையில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். அவரே மாற்றத்துக்கு ஒப்புதல் தந்து, டொமைன் உங்கள் கணக்குக்கு வந்தபின் பெயரை மாற்றுவது வேகமான வழி. பெயர் மாற்றத்தைப் பழைய உரிமையாளர், புதிய உரிமையாளர் இருவரும் உறுதி செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அதற்கும் சம்மதம் என்று இப்போதே ஒரு மெயில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஐகேன் வந்து "இது உன்னுடையது" என்று தீர்ப்புச் சொல்லாது. டிரேட்மார்க் இருந்தால் யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறை, டாட் இன் என்றால் அதற்கான ஐஎன்டிஆர்பி, இல்லையேல் வக்கீல் என்று பாதை நீளும்.

4. டிஎன்எஸ் பதிவுகளை நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள்

வெப்சைட்டும் மெயிலும் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று நேம்சர்வரில் எழுதி வைத்திருப்பவைதான் டிஎன்எஸ் பதிவுகள். டொமைன் மாற்றம் என்றால் வெப்சைட்டும் மெயிலும் சேர்ந்து நகரும் என்று நினைக்கிறார்கள். நகராது. ரெஜிஸ்ட்ரார் மட்டுமே மாறுவார். நேம்சர்வர் பழையபடியே நிற்கும். ஆனால் அந்த நேம்சர்வர் பழைய ரீசெல்லருடையதாக இருந்தால், டொமைன் கையைவிட்டுப் போனதும் அவர் அந்தக் கணக்கை மூடிவிடலாம். மூடிய நேரத்திலிருந்து மெயில் நிற்கும். சாம்பிள் அப்ரூவல் வர வேண்டிய வாரத்தில் திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசரின் மெயில் நின்றால் என்ன ஆகும் என்று அங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே டிஎன்எஸ்ஸை முதலில் நகர்த்துங்கள், டொமைனைப் பின்னால் நகர்த்துங்கள். ரீசெல்லரின் பேனலில் ஜோன் எக்ஸ்போர்ட் (எல்லாப் பதிவுகளையும் மொத்தமாக எடுக்கும் வசதி) இருந்தால் ஃபைலாக எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரியாக நகலெடுங்கள்: ஏ, சிநேம், எம்எக்ஸ், டிஎக்ஸ்டி என்ற வகைப் பதிவுகள்.

வெளியிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மெயில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸும், உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப்பும் வெளியே தெரியும். மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பத்துக்கான டிகிம் பதிவு தெரியாது. அதன் பெயரில் செலக்டர் என்ற ஒரு தனிச்சொல் ஒளிந்திருக்கும். பேனல் கிடைக்காவிட்டால் ஒரு வழி உண்டு. உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, அங்கே "ஷோ ஒரிஜினல்" போட்டுப் பாருங்கள். டிகிம் சிக்னேச்சர் வரியில் எஸ் என்ற எழுத்துக்கும் சமக்குறிக்கும் பின்னால் இருப்பதுதான் செலக்டர். அதை வைத்து அந்தப் பதிவைத் தேடி எடுத்துவிடலாம். இதை விட்டுவிட்டால் மெயில் போகும், ஆனால் பையரின் ஸ்பாமில் போய் விழும். யாருக்கும் உடனே தெரியாது என்பதால் இது முழுதாக நிற்பதைவிட மோசம்.

இன்னொன்று: சப்டொமைன்கள். ஃபேக்டரியின் ஸ்டேடிக் ஐபிக்குப் போகும் ஈஆர்பி முகவரி, சிசிடிவி பார்க்கும் முகவரி, ஏஜென்ட்டுகள் ஆர்டர் போடும் பக்கம் இவையெல்லாம் வெப்சைட் தம்பிக்கே நினைவில் இருக்காது. கம்ப்யூட்டர் பார்ப்பவரையும் அக்கவுண்ட்ஸில் இருப்பவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

புது டிஎன்எஸ் இடத்தில் எல்லாவற்றையும் போட்டு, சரிபார்த்து, அதன்பின் நேம்சர்வரை மாற்றுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பழைய விவரத்தைப் பிடித்து வைத்திருக்கும் சர்வர்கள் புதுசுக்கு வர அவ்வளவு நேரம் கொடுப்பது நல்லது. டிஎன்எஸ் பதிவுகளைக் கையொப்பமிட்டுக் காக்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் நேம்சர்வரைத் தொடுவதற்கு முன் அதற்கான டிஎஸ் பதிவை நீக்கச் சொல்லுங்கள். நீக்காமல் மாற்றினால் பல நெட்வொர்க்குகளில் டொமைன் திறக்கவே திறக்காது.

5. காலாவதி தேதியிலிருந்து தள்ளி நில்லுங்கள்

காலாவதிக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும்போது மாற்றுவதே நல்லது. ரீசெல்லர் இழுத்தடித்தாலும் மேலே புகார் செய்ய நேரம் இருக்கும்.

காலாவதி நாளில் டாட் காம் ரெஜிஸ்ட்ரி தானாக ஒரு வருடம் நீட்டிவிடும். நீங்கள் பணம் கட்டாவிட்டாலும் லுக்கப்பில் அடுத்த ஆண்டுத் தேதி தெரியும். அதைப் பார்த்துப் "புதுப்பிச்சாச்சு" என்று நம்பி விடாதீர்கள். 45 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் அதை ரத்து செய்யலாம். அதே 45 நாளுக்குள் நீங்கள் வேறிடம் மாறினால் அந்த நீட்டிப்பு கழிந்து, மாற்றத்தால் கிடைக்கும் ஒரு வருடம் மட்டும் நிற்கும். பழையவரிடம் கட்டிய பணம் திரும்புவது அவர் மனதைப் பொறுத்தது. புதுப்பித்த கையோடு மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நீக்கப்பட்டுவிட்டால் 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம். அப்போது பழைய ரெஜிஸ்ட்ரார் மூலமே, கூடுதல் கட்டணத்தில் மீட்க முடியும். அதன்பின் 5 நாள் பென்டிங் டெலீட். அந்த 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

6. ரீசெல்லரிடம் எழுத்தில் கேளுங்கள்

போனில் கேட்காதீர்கள். போனில் கேட்டதற்குத் தேதி இல்லை. விதியில் உள்ள காலக்கெடு நீங்கள் கேட்ட தேதியிலிருந்துதான் ஓடும். பதிவில் உள்ள அதே மெயில் ஐடியிலிருந்து இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். எங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள இந்த டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுகிறோம். டிரான்ஸ்ஃபர் பூட்டை எடுத்து, ஆத் கோடை இந்த மெயிலுக்கு அனுப்பவும். ஐகேன் விதிப்படி இதற்கு 5 நாள் அவகாசம். இதுவரை செய்த உதவிக்கு நன்றி."

இவ்வளவு போதும். குறை, கோபம், பழைய கணக்கு எதையும் இதில் எழுத வேண்டாம். நாளை இதே மெயிலை ரெஜிஸ்ட்ராருக்கும் ஐகேனுக்கும் காட்ட வேண்டியிருக்கலாம்.

பேனலில் நீங்களே பூட்டை எடுத்துக் கோடையும் எடுக்கும் வசதி இல்லையென்றால், கேட்ட 5 நாளுக்குள் இரண்டையும் செய்து தர வேண்டும். நாள் என்றால் ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்த நாள்காட்டி நாள்.

வழக்கமாக வரும் தடைகள் சில. "வெப்சைட் டிசைன் பாக்கி இருக்குதுங்க, அதைக் கொடுத்தா கோடு தர்றேன்." பாக்கி நியாயமானதாகவே இருக்கலாம். அதைத் தனியாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், தம்பியின் உழைப்புக்கான பணம் அது. ஆனால் பணத் தகராறை மட்டும் காரணம் காட்டிக் கோடை நிறுத்தி வைக்க விதி இடம் தரவில்லை. டொமைன் கட்டணத்தையே நீங்கள் கட்டாமல் விட்டிருந்தால் கதை வேறு. அதைக் காரணமாக்கி மாற்றத்தை மறுக்கலாம். இனி வரப்போகும் வருடத்துக்கான பணத்தைக் கேட்டு மறுக்க முடியாது.

"ரிலீஸ் சார்ஜ் கட்டணும்" என்பது இன்னொன்று. மறுப்பதற்கு அனுமதித்த காரணங்களில் அப்படி ஒன்று இல்லை. "நோட்டரி கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்" என்பதும் வரும். நேம்சர்வர் மாற்றவும் முகவரி திருத்தவும் என்ன முறையோ, கோடு தரவும் அதைவிடக் கடுமையான முறை வைக்கக் கூடாது என்பது விதி.

5 நாள் கழிந்தும் பதில் இல்லையா? லுக்கப்பில் குறித்துவைத்த ரெஜிஸ்ட்ராரின் சப்போர்ட்டுக்கு நேராக எழுதுங்கள். ரீசெல்லருக்கு எழுதிய மெயிலை இணையுங்கள். கூடவே ஜிஎஸ்டி எண் உள்ள பில், பணம் அனுப்பிய பேங்க் பதிவு, லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், உரிமையாளரின் அடையாள அட்டை, உத்யம் சான்றிதழ் அல்லது கம்பெனிப் பதிவுச் சான்று. கேட்பவர் பதிவில் உள்ள அதே ஆள்தான் என்று அவர்கள் உறுதி செய்ய இவை உதவும். முதல் பதில் "உங்கள் ரீசெல்லரைத் தொடர்புகொள்ளவும்" என்றே வரக்கூடும். ரீசெல்லர் பதில் தரவில்லை, தேதி இது, ரெஜிஸ்ட்ரார் என்ற முறையில் நீங்கள் கோடு தர வேண்டும் என்று அதே மெயிலில் மறுபடியும் எழுதுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஐகேன் தளத்தில் டிரான்ஸ்ஃபர் புகார்ப் படிவம் இருக்கிறது. புகாரை ரெஜிஸ்ட்ரார் மீது போடுங்கள். ஐகேனுக்கு ஒப்பந்தம் இருப்பது அவரோடுதான், ரீசெல்லரோடு அல்ல. டாட் இன் பெயர் என்றால் ஐகேன் தலையிடாது. நிக்ஸியின் டாட் இன் ரெஜிஸ்ட்ரிக்கு எழுத வேண்டும்.

7. இரண்டு பேரும் ஒரே ரெஜிஸ்ட்ராரின் கீழா?

நம் ஊரில் பல ரீசெல்லர்கள் ஒரே ஒரு பெரிய ரெஜிஸ்ட்ராரிடம்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். காந்திபுரத்துக்காரரிடமிருந்து ஈரோட்டுக்காரரிடம் போகும்போது, மேலே ரெஜிஸ்ட்ரார் மாறாமலே இருக்கலாம். அப்படியானால் இது இடமாற்றமே இல்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வேலை. ரெஜிஸ்ட்ரிக்குக் கோடு கொடுக்க வேண்டியதில்லை, காலாவதியோடு ஒரு வருடம் சேராது, 5 நாள் காத்திருப்பும் இல்லை. ஆத் கோடைப் போட்டுப் பணம் கட்டி, ஏன் போகவில்லை என்று தவிப்பதற்கு முன் லுக்கப்பில் ரெஜிஸ்ட்ரார் பெயரைப் பாருங்கள்.

8. புது இடத்தில் மாற்றத்தைத் தொடங்குங்கள்

புது ரெஜிஸ்ட்ராரிடம் கணக்கை நிறுவனத்தின் பெயரில், உரிமையாளரின் மெயிலில் திறந்துகொள்ளுங்கள். இந்தத் தடவையும் வேறொருவர் கணக்கில் போட்டால் மறுபடியும் படி 1தான்.

கோடில் எழுத்து, எண், குறிகள் கலந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கோடை நகலெடுக்கும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். சில குறிகள் வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டுத் தாமே மறைந்துவிடும். "கோடு தவறு" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். கோடை மெயிலில் வாங்குவதே நல்லது. இடமாற்றத்துக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டுவீர்கள், அந்த வருடம் காலாவதியோடு சேரும். மொத்தம் 10 வருடத்தைத் தாண்டாது.

அதன்பின் பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து உறுதி கேட்டு ஒரு மெயில் வரும். அதில் மாற்றத்தை நிறுத்தும் இணைப்பும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் 5 நாளில் மாற்றம் தானாக நடந்துவிடும். ஒப்புதல் இணைப்பும் கொடுத்திருந்தால் அதை அழுத்தினால் சீக்கிரம் முடியும். இந்த நாட்களில் லுக்கப்பில் "பென்டிங் டிரான்ஸ்ஃபர்" என்று தெரியும். அந்தச் சமயத்தில் நேம்சர்வரைத் தொட வேண்டாம்.

9. வந்து சேர்ந்த அன்றே செய்ய வேண்டியவை

பூட்டைத் திரும்பப் போடுங்கள். இரண்டு அடுக்குப் பாதுகாப்பு, ஆட்டோ ரினியூவல் இரண்டையும் இயக்குங்கள். படி 3இல் தள்ளிவைத்த பெயர், மெயில் திருத்தத்தை இப்போது செய்யுங்கள். 60 நாள் பூட்டு விழுந்தாலும் இனி கவலையில்லை. மெயில் ஐடி அதே டொமைனில் இருக்க வேண்டாம். டொமைன் நின்றுபோனால், அதை மீட்க வரும் மெயிலும் சேர்ந்து நின்றுவிடும்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாதீர்கள். வெப்சைட் ஃபைல்களும் பழைய மெயில்களும் இன்னும் அங்கேதான் இருக்கும். எடுத்து முடித்தபின் நிறுத்தச் சொல்லுங்கள்.

10. நீங்கள் கேட்காமலே டொமைன் நகர்ந்துவிட்டால்

நீங்கள் தொடங்காத மாற்றத்துக்கு உறுதி மெயில் வந்தால் அதே நாளில் நிறுத்தும் இணைப்பை அழுத்துங்கள். மெயிலில் உள்ள இணைப்பு உண்மையா என்று சந்தேகமிருந்தால் பேனலுக்குள் போய்ப் பாருங்கள்.

நகர்ந்தே விட்டால், டொமைனை இழந்த ரெஜிஸ்ட்ராருக்கு உடனே எழுதுங்கள். ரெஜிஸ்ட்ரார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் அவசரத் தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. அதன் வழியாக வரும் செய்திக்கு எதிர்த்தரப்பு 4 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதையே காரணமாகக் காட்டி மாற்றத்தைத் திருப்பலாம். இந்த வழியை நீங்கள் நேரடியாகப் பயன்படுத்த முடியாது, உங்கள் ரெஜிஸ்ட்ராரைப் பயன்படுத்தச் சொல்ல முடியும். எனவே மெயிலில் "டிரான்ஸ்ஃபர் எமர்ஜென்சி ஆக்‌ஷன் கான்டாக்ட்" என்ற பெயரை அப்படியே குறிப்பிட்டுக் கேளுங்கள். முறையான தகராறு மனுவை ரெஜிஸ்ட்ரார்தான் போட முடியும், அதற்கு 12 மாதம் வரை அவகாசம் உண்டு. ஆனால் அவசரத் தொடர்பு வேலை செய்வது முதல் சில நாட்களில்தான். அதனால் ரீசெல்லர் திரும்பக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் ரெஜிஸ்ட்ராருக்கு அன்று இரவே எழுதிவிடுங்கள்.